உப்பு தின்ற கேபின்: பழைய பிக்கப்பின் துருப்பிடித்த தகட்டை வெட்டி மாற்றும் முழு வழிகாட்டி

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி நெருங்கும்போதுதான் பழைய பிக்கப்புக்குத் துரு பிடித்திருப்பதே பலருக்கு ஞாபகம் வரும். பட்டறையில் விட்டால் ஓட்டையைச் சுற்றி இரண்டு தட்டு தட்டுவார்கள், பின்னால் ஒரு துண்டு வலையை வைத்து, பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியை அப்புவார்கள், மேலே பெயின்ட் விழும். வண்டி புதுப்பெண் மாதிரி வெளியே வரும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் அதே இடத்தில் பெயின்ட் அப்பளமாக உப்பியிருக்கும். விரலால் அழுத்தினால் பட்டி கட்டியாகக் கழன்று கையோடு வரும். பின்னால் இருக்கும் ஓட்டை போன வருடத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

என் வண்டிக்கு இது இரண்டு முறை நடந்தது. தூத்துக்குடி உப்பளங்களில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த, முப்பது வயதை நெருங்கும் சிங்கிள் கேபின் பிக்கப் அது. மூன்றாவது முறை நானே கிரைண்டரை எடுத்தேன். கேட், கிரில் செய்வது என் தொழில் என்பதால் வெல்டிங் கைவந்த வேலை என்ற நினைப்பு இருந்தது. ஒரு மி.மீ.க்கும் குறைவான கேபின் தகடு அந்த நினைப்பை ஒரே மத்தியானத்தில் கழற்றிப்போட்டது. கீழே எழுதியிருப்பதில் பாதி, அந்த வேலையில் நான் செய்த தப்புகளிலிருந்து கற்றது.

மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர்

பக்கத்துப் பட்டறையில் முப்பது வருடமாக டிங்கர் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நான் கட்டிங் வீலை மாட்டிக்கொண்டு நின்றபோது எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அத வை தம்பி. முதல்ல கண்ணாடிக்கு மேல ஒரு வாளி தண்ணி ஊத்து. உள்ள உக்காந்து எங்க சொட்டுதுன்னு பாரு. அப்புறம் வெட்டலாம்."

கேபின் துரு பெரும்பாலும் உள்ளேயிருந்து வெளியே வருவது. வெளியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்பளம் தெரிகிறது என்றால், உள்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் போயிருக்கும். தண்ணீர் எங்கோ நுழைந்து எங்கோ தேங்குகிறது. நுழைந்த இடத்தை விட்டுவிட்டுத் தேங்கிய இடத்துக்கு மட்டும் புதுத் தகடு போட்டால், அந்தத் தகடும் அதே வழியில் போகும்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் ஹோஸ் பிடிக்கட்டும். கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடியுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது கசிகிறது என்றே தெரியாது. முதலில் கதவின் அடிப்பக்கம், அடுத்து வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்றுச் சல்லடை, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், கடைசியாகக் கூரை ஓரத்துத் தண்ணீர்த்தடம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள்.

என் வண்டியில் குற்றவாளிகள் இரண்டு. முன்கண்ணாடி பீடிங் கீழ் மூலையில் காய்ந்து வெடித்திருந்தது. அதைவிட மோசம் வைப்பருக்குக் கீழே இருக்கும் பெட்டி மாதிரியான பள்ளம். வேப்பமர நிழலில் நிறுத்தும் வண்டி என்பதால் இலைக்காம்பெல்லாம் சல்லடை வழியாக உள்ளே போய், வடிகால் துளையை அடைத்து, உரக்குழி மாதிரி ஈரமாகவே கிடந்தது. அங்கே தேங்கிய தண்ணீர் கேபினின் தூணான பில்லர் வழியாக இறங்கி, டிரைவர் காலடித் தரைக்குப் போய், மிதியடிக்குக் கீழே இருக்கும் சணல் மெத்தையில் ஊறிக்கொண்டேயிருந்திருக்கிறது. மிதியடி மேலே காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு மாதிரி ஈரம். பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்ததும் போய் மிதியடியைத் தூக்கிப் பார்க்கலாம்.

உப்புக்காற்று ஊரில் இதோடு இன்னொன்றும் சேரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்ததாகத் தெரியும் தகட்டில் ராத்திரி மறுபடி ஈரப்படலம் படியும். அதில் கரைந்த உப்பு, துரு அரிப்பதை வேகப்படுத்தும். துருவாக மாறிய இரும்பு பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில் துரு புகுந்தால் அது ஆப்பு அடித்த மாதிரி மடிப்பையே பிளந்துவிடும். கதவின் அடி விளிம்பு வாய் திறந்து நிற்பது இதனால்தான்.

எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பது

பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றிக் கேபின் முழுக்க நகர்த்துங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பழைய பட்டி இருக்கிறது. பிறகு ஸ்க்ரூடிரைவரின் முனையால் குத்திப் பாருங்கள். பெயின்ட் கெடுமே என்று தயங்க வேண்டாம், எப்படியும் அந்த இடத்துக்கு வேலை இருக்கிறது. நல்ல தகடு டங் என்று கணீரென ஒலிக்கும், துருத்தகடு மந்தமாகக் கேட்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: கேபினின் பின் கீழ் மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் அடிப்பெட்டி, தரையின் முன்பகுதி, முன்சக்கரச் சேறு வந்து அறையும் மட்கார்டுக்குப் பின்பக்கம், கதவுக் கீல் உட்காரும் பில்லர், பேட்டரித் தட்டு, கண்ணாடி பீடிங்குக்கு அடியில் மறைந்திருக்கும் விளிம்பு. கடைசியாகக் கேபினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் ரப்பர் மவுன்ட்டுகள்.

மேலோட்டத் துரு என்றால் தேய்த்து, மருந்து போட்டு, பிரைமர் அடித்தால் போதும். குழி குழியாகத் தின்றிருந்தாலும் தகடு கெட்டியாக இருந்தால் இன்னும் காப்பாற்றலாம். ஓட்டை விழுந்துவிட்டாலோ, குத்தியதும் முனை உள்ளே போனாலோ வெட்டித்தான் ஆக வேண்டும். நடுவில் வேறு சமாதானம் கிடையாது.

கேபின் மவுன்ட், கதவுக் கீல், சீட் பெல்ட் போல்ட், ஸ்டியரிங் காலம் பிடிக்கும் இடம் ஆகிய நான்கிலும் துரு ஆழமாக இருந்தால், வெல்டிங் பழகும் முதல் வேலையாக அதை நீங்கள் எடுக்காதீர்கள். அவை வண்டி மோதும்போது உயிரைப் பிடித்து வைக்கும் இடங்கள். சேசிஸ் சட்டமே செதில் செதிலாக உரிகிறது என்றால் கேபினுக்குச் செலவு செய்யும் முன் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

தகட்டுக்கு சி.ஆர். சீட் (கோல்ட் ரோல்டு, பூச்சில்லாத வழவழப்பான இரும்புத் தகடு) வாங்குங்கள். வெளித்தோலுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. தரைக்கும் அடிப்பெட்டிக்கும் 18 கேஜ், சுமார் 1.2 மி.மீ. பழைய தகட்டில் துரு இல்லாத ஒரு துண்டை வெட்டி வெர்னியரில் அளந்து உறுதிசெய்துகொள்வது நல்லது. கெட்டியாகப் போட்டால் நாள்பட வரும் என்று மெல்லிய தோலோடு 16 கேஜைச் சேர்ப்பவர்கள் உண்டு. வெல்டிங்கில் மெல்லிய பக்கம் உருகி ஓடும், கெட்டிப் பக்கம் சூடே ஏறாது. சம கனம்தான் சரி.

மிச்சமிருக்கும் ஜி.ஐ. சீட்டை, அதாவது துத்தநாகம் பூசிய தகட்டை, உபயோகிக்கலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் வெல்டிங் விழும் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான். துத்தநாகப் புகையை இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் அடித்துப் போடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. பால் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலுக்கு அல்ல. காற்றோட்டமும் புகைக்கான மாஸ்க்கும்தான் வழி.

கிரில் வேலைக்கு வைத்திருக்கும் ஆர்க் மெஷினை இதற்கு எடுக்காதீர்கள். ராடு தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். நான் விழவைத்தேன். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த பழைய டிங்கர்கள் அற்புதமாகச் செய்வார்கள், ஆனால் அந்தச் சூடு பரவும் அகலத்துக்குப் புதியவர் கையில் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். டார்ச்சின் வழியே மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டேயிருக்கும் மிக் வெல்டிங்தான் இதற்குத் தோது. 0.8 மி.மீ. கம்பி போதும், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்கானும் கார்பன் டைஆக்சைடும் கலந்த கேஸ் மென்மையாக விழும். வெறும் கார்பன் டைஆக்சைடிலும் வேலை நடக்கும், கொஞ்சம் தெறிக்கும், கொஞ்சம் ஆழமாக எரிக்கும். கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கம்பி என்றால் மெஷினில் டார்ச்சை நெகட்டிவ்வுக்கு மாற்ற மறக்காதீர்கள். கேஸோடு சாதாரணக் கம்பி என்றால் டார்ச் பாசிட்டிவ்.

மற்றபடி நாலு இஞ்ச் கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் வீல், 60, 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், ஒயர் பிரஷ், தகடு வெட்டும் கத்தரி, கைநிறைய வைஸ் கிரிப் (பிடித்துப் பூட்டிக்கொள்ளும் குறடு), டிங்கர் சுத்தியல், டாலி (தட்டும்போது தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக்கட்டி). அப்புறம் பழைய தினசரி காலண்டரின் அட்டை. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கழற்றுவதும் கழுவுவதும்

பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். சீட், மிதியடி, சணல் மெத்தை, கதவின் உள்ளட்டை எல்லாம் வெளியே போகட்டும். வெட்டப்போகும் இடத்துக்குப் பின்னால் ஒயரிங், பிரேக் பைப், டீசல் குழாய் ஓடுகிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். தரைக்கு அடியில் தார் மாதிரி கறுப்பாகப் பூசியிருக்கும் கோட்டிங்கை வெல்டிங் விழும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் சுரண்டி எடுங்கள்.

நான் சுரண்டவில்லை. கேபின் தரையில் நாலாவது டேக் (புள்ளி மாதிரி வைக்கும் சிறு வெல்டிங்) வைத்துவிட்டு ஹெல்மெட்டைத் தூக்கினேன், கருகல் வாசனை. குனிந்து பார்த்தால் அடியில் தார் சொட்டுச் சொட்டாக எரிந்து தரையில் விழுந்துகொண்டிருக்கிறது. இருட்டுக் கண்ணாடிக்குள் இருக்கும்போது வெளியே எரிவது தெரியாது. அதற்குப் பிறகு வெல்டிங் செய்யும்போது தீயணைப்பானோடு ஒரு ஆள் பக்கத்தில் நிற்காமல் நான் ஆரம்பிப்பதில்லை. வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் வண்டியை விட்டு நகருவதில்லை.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க பிரேக் கிளீனர் எடுத்தால் டப்பாவைப் படியுங்கள். குளோரின் கலந்த வகை ஆர்க் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். மெல்லிய ஈரம் மிச்சமிருந்தாலே ஆபத்து. அந்த வகையைப் பட்டறைக்குள் விடாமலிருப்பதே நல்லது.

உப்பு வண்டிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான். வெட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில், உள்ளும் புறமும், பெட்டிகளின் துளை வழியாகவும், இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் லாரித் தண்ணீர் வாங்கினாலும் தப்பில்லை. துருக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும் உப்பு போகாமல் மேலே எந்தப் பிரைமர் அடித்தாலும் அது அடியிலிருந்து வேலையைக் காட்டும். கழுவி முடித்து நல்ல வெயிலில் கதவைத் திறந்துபோட்டுக் காயவிடுங்கள்.

மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை காலத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். தை பிறந்த பிறகு தொடங்கினால் நிதானமாகச் செய்யலாம்.

வெட்டுவது

அடிப்பெட்டியையோ பில்லரின் கால்பகுதியையோ வெட்டப்போகிறீர்கள் என்றால், முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இஞ்ச் ஆங்கிளை டேக் வைத்து நிறுத்துங்கள். கதவு மூடியிருக்கும்போது சுற்றிலும் இடைவெளி எவ்வளவு என்று அளந்து, கேபின் மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள். மூலைக்கு மூலை அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கேபின் ஒரு தகரப்பெட்டிதான். அடிப்பாகத்தை உருவினால் மேல்பாகம் தன் கனத்தில் இறங்கும். கடைசியில் கதவு மூடாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம், ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது.

துரு முடிந்து பளபளப்பான இரும்பு தெரியும் இடத்திலிருந்து இன்னும் ஒரு இஞ்ச் தள்ளிக் கோடு போடுங்கள். ஓட்டையின் வடிவத்தில் வெட்டாமல் நேர்கோட்டில் வெட்டுங்கள், மூலைகளை மட்டும் வளைவாக விடுங்கள். கூர்மூலையில் சூடு குவிந்து தகடு இழுக்கும், பிற்பாடு கீறலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

பின் மூலையின் வெளித்தோலை வெட்டித் திறந்தபோது, இரண்டு கை நிறைய துருச்செதிலும் கறுப்புச் சேறும் கொட்டியது. சேற்றில் இலைக்காம்பு, ஒரு பழைய நட், பீடித்துண்டு. சேறு காய்ந்த பிறகு அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அந்த மூலையின் அடியில் ஒரு வடிகால் துளை இருந்திருக்க வேண்டும். யாரோ போன தடவை அதைப் பட்டியால் அடைத்து வழுவழுப்பாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

வெளித்தோல் போனதும் உள்தகட்டைப் பாருங்கள். அது போயிருந்தால் அதைத்தான் முதலில் கட்ட வேண்டும். உள்ளே அழுகியதை அப்படியே விட்டு வெளியே மட்டும் மூடுவது எஃப்.சி.க்காகச் செய்யும் வேலை. ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும் தகடுகளைப் பிரிக்க 8 மி.மீ. டிரில்லை மேல்தகட்டோடு நிறுத்தி, உளி வைத்துத் தட்டினால் பிரிந்து வரும்.

காலண்டர் அட்டையும் தகடும்

ஓட்டைமேல் அட்டையை வைத்து, விளிம்பைப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். மடிப்பு வரும் இடங்களில் அட்டையை மடித்துப் பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்தால்தான் தகடு சரியாக உட்காரும். அட்டையில் நாலு முறை தப்பு செய்யலாம், காசு கிடையாது. மெல்லிய பேப்பர் நெளிந்துகொடுத்து ஏமாற்றிவிடும். காலண்டர் அட்டைதான் தகடு மாதிரியே முரண்டுபிடிக்கும்.

அச்சைத் தகட்டில் வைத்துக் கோடு கிழித்து, கத்தரியால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டிப் பிறகு தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். நேர் மடிப்புக்கு இரண்டு ஆங்கிளுக்கு நடுவே தகட்டைக் கிளாம்ப் போட்டு, மரக்கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சிறிது சிறிதாகத் தட்டி மடியுங்கள். ஒரே இடத்தில் முழுசாக மடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் தகடு முறுக்கிக்கொள்ளும். கேபின் மூலை மாதிரி உருண்ட வளைவுக்குத் தண்ணீர்ப் பைப் ஒன்றை வைஸில் பிடித்து, அதன்மேல் கையாலேயே தகட்டை அழுத்தி உருட்டுங்கள். இரண்டு பக்கமும் வளையும் சிக்கலான இடம் என்றால் ஒரே துண்டாகச் செய்யும் ஆசையை விட்டு, இரண்டு மூன்று துண்டாகச் செய்து சேருங்கள்.

வெளித்தோலில் புதுத்தகடு பழைய தகட்டோடு ஓரத்துக்கு ஓரம் உட்கார வேண்டும். நடுவே ஒரு கம்பி கனத்துக்கு இடைவெளி இருக்கலாம், அதற்குமேல் வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் வேலை சுலபம்தான், ஆனால் அந்த மடிப்புக்குள் தண்ணீர் குடியேறும், வெளியே மேடும் தெரியும். தரையில் மட்டும் முக்கால் இஞ்ச் ஏற்றி ஒட்டுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மேல்தகட்டில் ஒன்றரை இஞ்சுக்கு ஒன்றாக 8 மி.மீ. துளை போட்டு அதை நிரப்பி வெல்டிங் செய்யலாம். சேரும் இரண்டு முகத்துக்கும் முன்கூட்டியே துத்தநாக பிரைமர் அடித்து, துளை வரும் இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள்.

வெல்டிங்: பொறுமையைச் சோதிக்கும் பகுதி

முதலில் வெட்டிப்போட்ட சி.ஆர். துண்டுகளில் மெஷினைச் சரிசெய்யுங்கள். 0.9 மி.மீ. தகட்டுக்கு 40 முதல் 60 ஆம்பியர் வரை போதும். பின்பக்கம் சிறிய மேடாக வந்தால் பிடித்திருக்கிறது. மேலே மட்டும் உருண்டையாக உட்கார்ந்து பின்னால் ஒன்றும் தெரியாவிட்டால் அது ஒட்டவில்லை, கிரைண்டர் பட்டதும் கழன்றுபோகும். கேஸ் நிமிடத்துக்கு 10 முதல் 12 லிட்டர். வேலைமேல் நேராக அடிக்கும் ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும்தான், ஆனால் காற்று கேஸைத் தள்ளிக்கொண்டு போனால் வெல்டிங் பூச்சி அரித்த மரம் மாதிரி துளை துளையாக விழும். எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே, சுரண்டிய இரும்பில் போடுங்கள்.

தகட்டைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, நாலு மூலைக்கு நாலு டேக். பிறகு ஒவ்வொரு இரண்டு டேக்குக்கும் நடுவில் ஒன்று. டேக் என்றால் ஒரு நொடிகூட வேண்டாம், விசையைத் தொட்டு விட்டுவிட வேண்டும். இடைவெளி ஒரு இஞ்ச் ஆனதும் நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் தப்பு தெரிந்தால் கட்டிங் வீலால் டேக்குகளை அறுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

அப்புறம் டேக்குக்குப் பக்கத்தில் டேக் வைத்து இடைவெளிகளை நிரப்ப வேண்டும். இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தாவித் தாவி. கையை வைத்தால் சுடாத இடத்தில்தான் அடுத்தது. நான் முதல் மூலையில் இதைக் கேட்கவில்லை. கிரில்லுக்கு இழுக்கிற மாதிரி மூன்று இஞ்ச் நீளத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தேன். பார்க்கும்போதே தகடு டப் என்ற சத்தத்தோடு உள்வாங்கியது. விரலால் அமுக்கினால் எண்ணெய் டின் மாதிரி டொக்கு டொக்கு என்று உள்ளே போய் வெளியே வந்தது. அந்த மூலையை மறுபடி முழுசாக வெட்ட வேண்டியிருந்தது.

சூட்டைக் குறைக்க ஈரச்சாக்கால் துடைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த மடிப்பில் தண்ணீர் போகக்கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறோமோ அதே மடிப்புக்குள் நாமே தண்ணீர் ஊற்றுவானேன்? கம்ப்ரசர் காற்றுப் போதும். இல்லாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஓட்டை விழுந்தால் பதறி அதன்மேலேயே திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், பெரிதாகிக்கொண்டே போகும். பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்து நிரப்புங்கள். பழைய ஏ.சி. செம்புக் குழாயைத் தட்டித் தட்டையாக்கினால் அதுவே பட்டை. உருகிய இரும்பு செம்பில் ஒட்டாது.

வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுற்றியுள்ள தகட்டை இழுக்கும். பின்னால் டாலியை வைத்து, வெல்டிங்கின் மேலேயே மெதுவாகத் தட்டினால் சுருங்கிய இரும்பு விரிந்து தகடு தன் நிலைக்குத் திரும்பும். தட்டும் முன் மேட்டை ஓரளவு கிரைண்டரில் இறக்குங்கள். ஃப்ளாப் டிஸ்க்கை வெல்டிங்கின் மேல் மட்டும் ஓட்டுங்கள், பக்கத்துத் தகட்டில் படவிடாதீர்கள். கிரைண்டர் சூட்டிலும் தகடு நெளியும், அதோடு ஆசையாகத் தேய்த்துத் தேய்த்துத் தகட்டைப் பேப்பராக்கிவிடுவோம். டார்ச்சைப் பின்னால் பிடித்து வெளிச்சம் எங்காவது ஊசித்துளையாகத் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் அடைத்துவிடுங்கள்.

பிரைமர், சீலர், பட்டி

சுரண்டிய இரும்பைக் கடலோர ஊரில் ஒரு ராத்திரி திறந்துவைத்தால் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். அன்றைக்குத் தேய்த்ததை அன்றைக்கே பிரைமருக்குள் கொண்டுபோங்கள்.

வெட்டாமல் விட்ட குழித்துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மருந்து வேலை செய்யும். துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி நிறுத்தும். உதிரும் துருவை ஒயர் பிரஷ்ஷால் எடுத்த பிறகுதான் போட வேண்டும். டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவிக் காயவையுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்சி பிரைமர் பிடிக்காது.

பிரைமர் என்றதும் ரெட் ஆக்சைடு டப்பாவுக்குக் கை போகும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது சரி. வண்டித்தகட்டில் அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது, மேலே அடிக்கும் பெயின்ட்டின் தின்னர் பட்டுச் சுருங்கி எழும்பவும் செய்யும். கலந்து அடிக்கும் இரண்டு டப்பா எபாக்சி பிரைமருக்குக் கூடுதல் காசு கொடுங்கள். இந்த வேலையில் காசை மிச்சம்பிடிக்கக் கூடாத ஒரு இடம் இதுதான்.

பிரைமர் காய்ந்ததும் எல்லா மடிப்பிலும், உள்ளும் வெளியும், தகடு சேரும் மடிப்பை அடைக்கும் பசையான சீம் சீலரை இழுங்கள். கண்ணாடி ஒட்டும் சிலிக்கானைப் போடாதீர்கள். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. அதில் சில வகைகள் காயும்போது வினிகர் மாதிரி அமில வாசனை விடும், அந்த அமிலமே இரும்பை அரிக்கும்.

பட்டி இப்போதுதான் வருகிறது, எபாக்சியைச் சொரசொரப்பாக்கிய பிறகு. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால் வெறும் துரு மேலோ, ஓட்டையை மூடவோ அதற்கு இடமில்லை. இரண்டு மி.மீ. கனத்துக்கு மேல் தேவைப்பட்டால் சுத்தியல் வேலை முடியவில்லை என்று அர்த்தம். நூறு கிராமுக்கு இரண்டு கிராம் ஹார்டனர். மத்தியான வெயிலில் மூன்று நாலு நிமிடத்தில் இறுகிவிடும், எலுமிச்சம்பழ அளவுக்குமேல் கலக்காதீர்கள். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி 80, 180, 320 என்று தேய்க்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டாம். கண்ணை நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீளவாக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். மேடு பள்ளம் கைக்குத்தான் முதலில் தெரியும்.

பெயின்ட்டைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அதை அடித்தால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் இல்லையென்றால் அந்த ஒரு வேலையைப் பெயின்ட் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

மூடிய பெட்டிக்குள்

வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அங்கே பிரஷ் போகாது. பெட்டிக்குள் அடிப்பதற்கான, நீளக்குழாய் வைத்த கேவிட்டி மெழுகை வடிகால் துளை, ரப்பர் மூடி (கிராமெட்) போட்ட துளை வழியாகச் செலுத்தி, கீழே சொட்டும்வரை அடியுங்கள். பெயின்ட் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. முன்னால் அடித்தால் மெழுகு கசிந்து பெயின்ட் பிடிக்காது. நம்மூர் வெயிலில் மெழுகு இளகி இறங்கும், அதனால் வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசியில் திரும்ப அடிக்கிறேன். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பவர்களும் உண்டு. அது ரப்பரைக் கெடுக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை வெல்டிங் செய்யவே விடாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு வடிகால் துளையாகக் குத்திப் பாருங்கள். சீலர், பெயின்ட், மெழுகு மூன்றில் ஏதாவது ஒன்று எதையாவது நிச்சயம் அடைத்திருக்கும். என் வண்டியில் நான் புதிதாக வைத்த மூலைத் துளையையே என் சீலர் மூடியிருந்தது. முன்கண்ணாடிக்குப் புது பீடிங் போட்டேன். சல்லடைக்கு அடியில் கொசுவலைத் துண்டு ஒன்றைப் பொருத்தினேன், இலைக்காம்பு இப்போது மேலேயே நின்றுவிடுகிறது. சணல் மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் ரப்பர் மிதியடி மட்டும் போட்டிருக்கிறேன், கேபினில் சத்தம் கூடிவிட்டது உண்மைதான்.

மறுபடி வாளித் தண்ணீர். அண்ணாச்சி வந்து தானே கண்ணாடிமேல் ஊற்றினார், நான் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். டிரைவர் பக்கம் சொட்டு இல்லை. இடது கதவுக்கு மேலே, நான் தொடவே தொடாத கூரை ஓரத்தில், ஒரு துளி வந்து நின்று, யோசித்து, என் முட்டியில் விழுந்தது. அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.